சம்பளமில்லாத உத்தியோகம்

நான் வருவாய்த் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெறும் வயதில் இருந்த பெரியவர்கள் பேச்சில் ‘உமேத்வார்’ என்ற சொல் அடிபடும். பாரசீகத்திலிருந்து வந்தது. நம்பிக் காத்திருப்பவன் என்று பொருள். வெள்ளைக்காரர் காலத்துக் கச்சேரிகளில் சம்பளமே இல்லாமல் நகல் எழுதிக்கொண்டும் கட்டு சுமந்துகொண்டும் இருந்த இளைஞர்களுக்கு அந்தப் பெயர். ஒரு குமாஸ்தா இடம் காலியானால் நமக்குக் கிடைக்கும் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். இன்று பிள்ளைகள் ‘இன்டர்ன்ஷிப்’ என்று சொல்வதற்கு அது பாட்டன் முறை.

சம்பளம் இல்லாதவன் என்ன சாப்பிடுவான்? வீட்டில் நிலபுலன் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால், மனு கொண்டுவரும் குடியானவனிடம்தான் கை நீளும். சர்க்கார் மிச்சம் பிடித்த சம்பளத்தை ரயத்து கொடுத்தான். மாமூல் என்ற வியாதிக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கச்சேரிக்குக் கீழே கிராமத்திலும் இதே கதைதான். நம் வயதுக்காரர்களுக்குக் கர்ணம் வீட்டுத் திண்ணை நினைவிருக்கும். சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு எல்லாம் அந்த வீட்டு மரப்பெட்டியில் இருக்கும். கணக்கு எழுதும் வித்தையை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. கர்ணத்தின் மகனோ தம்பி மகனோ மருமகனோ பக்கத்தில் உட்கார்ந்து, ஜமாபந்திக்கு முன்னால் ராத்திரி பகலாகக் கோடு போட்டு, கூட்டிக் கழித்துக் கற்றுக்கொண்டான். அதற்குக் கூலி கிடையாது. ஆனால் அவனுக்கு அது நஷ்டமும் இல்லை. நாளைக்கு அந்தப் பெட்டி அவன் கைக்குத்தான் வரப்போகிறது. அதே ஊரில் கூலிக்காரர் மகன் ஒருவன் எட்டாவது வரை நன்றாகப் படித்திருந்தாலும் அந்தத் திண்ணையில் ஏறி உட்கார முடியாது. ஜாதி ஒரு தடை. அந்தத் தடை இல்லாத வீட்டுப் பையனுக்கும், கூலி இல்லாமல் ஐந்து வருஷம் எழுத வீட்டில் அரிசி இருக்க வேண்டுமே.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரை கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அரசு பக்கம் தீர்ப்பானது. பிறகு தேர்வாணையப் பரீட்சை எழுதிக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அடங்கல் எழுதத் தெரியாத வி.ஏ.ஓ.க்கள் என்று பழைய கர்ணங்கள் கேலி செய்தார்கள். கேலியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது; புல எண்ணைத் தேடித் திண்டாடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். கூலிக்காரர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கிராமக் கணக்கைக் கையில் எடுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

சிறு காசுகூட எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தஞ்சை ஜில்லாக்காரர் முத்துசாமி ஐயரைச் சொல்லலாம். தகப்பனாரை இழந்த ஏழைப் பிள்ளை. பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாளர், மாதம் ஒரு ரூபாய். கெட்டிக்காரத்தனத்தைக் கண்ட தாசில்தார் ஒருவர் படிக்க வைத்தார். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். அந்த ஒரு ரூபாயும் இல்லை என்றிருந்தால் அந்தத் தாசில்தார் கண்ணில் படும் இடத்துக்கே அவர் வந்திருக்க மாட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் இதைப் புரிந்துகொண்ட சட்டம். பயிற்சி பெறுபவன் தொழிலாளி அல்ல என்று சொன்னாலும், உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்றது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசக்கூடாது என்றும் சொன்னது. கற்க வந்தவனை உற்பத்திக்குப் பிழிந்துவிடக்கூடாதே. 1973-ல் டிப்ளமோ, இன்ஜினியரிங் படித்தவர்களையும் சேர்த்தார்கள். நம் பக்கத்தில் நெய்வேலிக்கு அப்ரண்டிஸாகப் போன பையன்கள் எத்தனை பேர்! வேலை நிரந்தரம் இல்லை; சட்டம் அதற்கு உத்தரவாதம் தரவில்லை. ஆனாலும் அந்தப் பணத்தில் மெஸ்ஸுக்குக் கட்டி, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு. பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம் என்ற தைரியமும் அந்தச் சின்னத் தொகையில்தான் வந்தது. பொருளாதாரச் சுதந்திரம் என்று பெரிய வார்த்தையில் சொல்வது என்னைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் வக்கீல்கள். சீனியர் வீட்டில் கேஸ் கட்டு தூக்கிக்கொண்டு, வாய்தா வாங்கிக்கொண்டு, மூன்று நான்கு வருஷம் பஸ் காசு மட்டும் வாங்கிய ஜூனியர்களை எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, ஊதியம் தராமல் இளைஞர்களிடம் வேலை வாங்குவது சுரண்டல் என்று சொல்லி, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தரும்படி பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றது. அப்படியானால் விருத்தாசலம், சிதம்பரம், நம் திட்டக்குடி எல்லாம் 15,000 கணக்கு. சின்ன ஊர் சீனியருக்கே மாதம் அவ்வளவு தேறுமா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் தேறாத சீனியரிடம் மூன்று ஜூனியர்கள் எதற்கு?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2015-ல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தில் சம்பளமில்லாப் பயிற்சிக்குச் சேர்ந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க முடியாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கினார். அமெரிக்க ஜனாதிபதி மாளிகையே தன் பயிற்சி மாணவர்களுக்கு 2022-ல்தான் காசு கொடுக்க ஆரம்பித்தது.

போன கோடையில் என் தங்கை பேத்தி சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் போனாள். உதவித்தொகை இல்லை, சான்றிதழ் உண்டு. விடுதி, சாப்பாடு, பஸ், ரயில் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ஆயிற்று. என் தங்கை மாப்பிள்ளைக்குப் பென்ஷன் வருகிறது, கொடுத்தார். அவளோடு படிக்கும் தொழுதூர்ப் பெண்ணுக்கும் அதே கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அவள் ஊரிலேயே ஒரு கடையிடம் கையெழுத்து வாங்கிக் கல்லூரியில் கொடுத்துவிட்டு, அந்த ஆறு வாரமும் ஜெராக்ஸ் கடையில் சம்பளத்துக்கு நின்றாள்.