மலையிறங்காத மொட்டு

அவினாசியிலிருந்து வடக்கே, நம்பியூர் வழியாகக் கோபிச்செட்டிபாளையம் போகும் சாலையில் இருக்கிறது சேவூர். அங்கே காய்கறி வாங்கப் போகிறவரின் பைக்குள் விழும் காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு, சவ்சவ் எதுவும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் அறியாதது. எல்லாம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தவை. வெள்ளைக்காரர்களின் மலைத் தோட்டங்களில் வளர்ந்து, மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சமவெளிக்குப் பரவியவை. அதே வெள்ளைக்காரர்கள் விரும்பித் தின்ற இன்னொரு காயும் உண்டு: ஆர்ட்டிசோக். அகராதிக்காரர்கள் அதற்குக் கூனைப்பூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். நீலகிரியின் குளிர் அதற்கு ஒத்துக்கொண்டது. இன்றும் பெருநகர ஓட்டல்களுக்காக அங்கே கொஞ்சம் விளைவிக்கிறார்கள். ஆனாலும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி அது சேவூர் அடுப்பை எட்டவில்லை. கூட வந்தவை இறங்க, இது மட்டும் ஏன் மேலேயே நின்றது? குளிரும் நாக்கும் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. தராசும் பந்திக் கரண்டியும்தான் தடுத்தன என்பது என் கட்சி.

முதலில், இவை வந்த கதை. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1822இல் ஊட்டியில் கல் வீடு கட்டத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து தோட்டக்காரரை வரவழைத்து உருளைக்கிழங்கும் மற்றச் சீமைக் காய்களும் பழங்களும் பயிரிட வைத்தார். சேவூருக்கு வரி போட்ட கலெக்டரும் அவரேதான். நீலகிரி தனி நிர்வாகமானது 1868இல். ஊட்டியில் தங்கிய வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி பெரும் தேவையாக இருந்தது. இன்று மலர்க் கண்காட்சிக்குப் பேர்போன தாவரவியல் பூங்காவின் மூலமே, ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா கட்டிக் காய்கறி பெற அவர்கள் 1840களில் போட்ட தோட்டம்தான். 1848இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து தோட்டக்கலை வல்லுநர் மெக்கைவர் வந்த பிறகே அது அழகுத் தோட்டமாக மாறியது. நீலகிரியில் உழவு செய்துவந்த படகர் சமூகத்தினர் உருளைக்கிழங்கையும் கோஸையும் தங்கள் நிலத்தில் பயிராக்கினார்கள். 1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் மலை ரயில் ஏறியது. மேலே விளைந்தது கீழே வர வழி திறந்துவிட்டது. வழி எல்லாக் காய்க்கும் ஒன்றுதான். ஆகவே, வந்தவற்றுக்கும் வராதவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் காயிலும் அதைச் சமைக்கும் விதத்திலும்தான் தேட வேண்டும்.

ஆர்ட்டிசோக் என்பது விரியாத பூமொட்டு. சூரியகாந்தி, சாமந்தி இனத்தைச் சேர்ந்த முட்செடியின் மொட்டு. செதில் செதிலாக அடுக்கிய தடித்த இதழ்கள். நடுவே நார்போன்ற பஞ்சு. அதற்கும் அடியில் உண்ணத்தக்க மெத்தென்ற அடிப்பாகம். ரோம் நகரத்து வீடுகளில் இதை அடுப்பில் வைக்கும் முறை எளிமையானது. முற்றிய வெளி இதழ்களைக் கிள்ளி எறிந்து, நுனியைச் சீவி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாற்று நீரில் போடுகிறார்கள். பிறகு உள்ளே பூண்டும் புதினா வகைக் கீரையும் உப்பும் திணித்து, கனத்த பாத்திரத்தில் காம்பு மேலாகத் தலைகீழாக நெருக்கி அடுக்கி, ஆலிவ் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி, இறுக மூடிச் சிறு தீயில் அரை மணிக்கு மேல் வேகவிடுகிறார்கள். இறைச்சிக்குத் தொடுகறியாக, ஆளுக்கு ஒன்றோ இரண்டோ முழுசாகத் தட்டில் வைக்கப்படும். அதன் மேல் அவர்களுக்கு இருந்த பிடிப்புக்கு நீதிமன்றப் பதிவே சாட்சி. 1604இல் ரோம் விடுதி ஒன்றில் ஓவியர் கரவாஜோவுக்கு எட்டு ஆர்ட்டிசோக் பரிமாறப்பட்டன; நான்கு வெண்ணெயில் சமைத்தவை, நான்கு எண்ணெயில். எது எது என்று கேட்டதற்குப் பரிமாறுபவர் சொன்ன பதில் பிடிக்காமல் தட்டையே அவர் முகத்தில் வீசினார் என்பது வழக்கு. எண்ணி வைக்கிற காய் இது என்பதை அந்தப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

குளிர் நாட்டுப் பயிர் சமவெளியில் விளையாது என்பது முதல் விளக்கம். விளையாதுதான், அனலில் மொட்டு சீக்கிரம் விரிந்து நாராகிவிடும். ஆனால் ஊட்டி காரட்டும் சேவூரில் விளைவதில்லை, லாரியில்தான் வருகிறது. விளையாத ஊரிலும் விற்கலாம் என்பதற்குக் காரட்டே போதும். தமிழ்ச் சமையலறை அந்நியக் காயை ஏற்காது என்பது இரண்டாவது விளக்கம். இதற்கு ஆதாரம் உண்டு. வைதிகக் குடும்பங்களின் திவசச் சமையலில் இன்றும் கோஸும் காரட்டும் உருளைக்கிழங்கும் சேர்ப்பதில்லை. மிளகாய்க்குப் பதில் மிளகுதான். வாழைக்காய், சேனை, பாகல், புடலை, கொத்தவரை என்று நீளும் அந்தப் பட்டியல், எந்தக் காய் எப்போது வந்த விருந்தாளி என்பதைச் சொல்லும் பழைய கணக்குப் புத்தகம். ஆனால் அதே வீட்டில் மறுநாள் கோஸ் பொரியல் செய்வார்கள். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மிளகாய் இல்லாமல் கொங்கு நாட்டில் ஒரு குழம்பும் இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்த நிலக்கடலைக்குச் சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலமே நடக்கிறது. அந்தக் கடலெண்ணெயில்தான் கோஸும் பீன்ஸும் தாளிக்கப்படுகின்றன. அந்நியம் என்பதற்காக இந்த ஊர் எதையும் தள்ளியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது விளக்கம் கொஞ்சம் வலுவானது: சுத்தம் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? இதற்கு வாழைப்பூ பதில் சொல்லும். மடலை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளிருக்கும் ஒவ்வொரு பூவிலும் வேகாத நரம்பை உருவி எறிந்து, கறுக்காமல் இருக்க மோர் கலந்த தண்ணீரில் நறுக்கிப் போட்டு, துவர்ப்பைப் பிழிந்து அடுப்பேற்ற வேண்டும். ரோமில் எலுமிச்சை செய்யும் வேலையை இங்கே மோர் செய்கிறது. வெட்டியதும் காற்றுப் பட்டுக் கறுக்கும் குணம் இரண்டுக்கும் பொது, புளிப்பு இரண்டுக்கும் மருந்து. உழைப்பில் வாழைப்பூ ஒரு படி மேலே என்றுகூடச் சொல்லலாம். அதை மாதம் இருமுறை ஆய்ந்த கைகளுக்கு ஆர்ட்டிசோக் மலைப்பூட்டியிருக்காது. சக்கையைத் துப்ப வேண்டிய காய் எதற்கு என்பாரும் உண்டு. ஆர்ட்டிசோக்கின் இதழைப் பல்லால் வழித்துச் சதையை எடுத்துக்கொண்டு நாரை ஒதுக்குவார்கள். முருங்கைக்காய்க்கு நாம் செய்வதும் அதேதானே? கசப்பா என்றால், நாம் பாகற்காய் தின்கிறவர்கள். ஆர்ட்டிசோக் தின்ற வாய்க்குத் தண்ணீர் இனிக்கும் என்பதும் நெல்லிக்காய் கடித்த நாக்குக்குப் புதுமையல்ல.

அப்படியானால் தடுத்தது எது? கீழே வந்தவற்றையும் வராதவற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. வந்தவை காரட், பீன்ஸ், கோஸ், பீட்ரூட், நூக்கல், சவ்சவ், உருளை, காலிபிளவர். நெடுங்காலம் மேலேயே தங்கியவை ஆர்ட்டிசோக், ஆஸ்பராகஸ், லீக்ஸ், செலரி, லெட்யூஸ். முதல் வரிசையில் உள்ள எதையும் பொடிசாக நறுக்கலாம். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, கால் மணியில் வேகவைத்துத் தேங்காய்ப்பூத் தூவி இறக்கலாம். கிலோ கணக்கில் நிறுத்து வாங்கினால் பெரும்பகுதி இலைக்குப் போய்ச் சேரும். நூறு பேர் பந்தியில் ஆளுக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டே நகரலாம். சாக்கில் கட்டி லாரியில் எறிந்தாலும் பெரிதாகக் கெடாது. இரண்டாம் வரிசையில் உள்ளவை பச்சையாகத் தின்பதற்கோ, வாசனைக்காகச் சூப்பில் போடுவதற்கோ, முழுசாகத் தட்டில் வைப்பதற்கோ உரியவை. ஆர்ட்டிசோக் இந்தக் கணக்கில் எல்லாப் பக்கமும் தோற்கிறது. எடையில் பாதிக்கு மேல் கழிவு. நறுக்கிப் பொரியலாக்கினால் ஒரு மொட்டுக்கு ஒரு கைப்பிடிகூட மிஞ்சாது. நறுக்காமல் வைத்தால் ஆளுக்கு ஒன்றென எண்ணி வைக்க வேண்டும். நம் இலையில் எண்ணி வைப்பது வடையும் இனிப்பும்தான். பொரியலை எண்ணி வைத்தால் சம்பந்தி வீட்டார் சும்மா இருப்பார்களா?

வாழைப்பூவிலும் பாதிக்கு மேல் கழிவுதானே என்று மடக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வாழைப்பூவுக்காக யாரும் வாழை நடுவதில்லை. சத்தியமங்கலம், கோபி பக்கத்துப் பாசனத் தோட்டங்களில் சீப்பு முழுதாக இறங்கியதும், காய் திரளட்டும் என்று பூவை ஒடித்துவிடுவார்கள். நிலத்தின் வாடகையைத் தார் கட்டிவிடுகிறது, பூ உபரி. ஆர்ட்டிசோக் செடியோ மொட்டுக்காக மட்டுமே நிலத்தை அடைத்துக்கொள்கிறது. மீட்டருக்கு ஒரு செடி, அதில் சில மொட்டுகள். கழிவின் விலையையும் வாங்குபவரே தர வேண்டும். முருங்கையிலும் சக்கை உண்டு, ஆனால் அது தன் மணத்தைக் குழம்பு முழுதுக்கும் கொடுத்துவிட்டுத்தான் சக்கையாகிறது. மொட்டைத் தின்னும் வழக்கம் நமக்கில்லை என்போருக்குக் காலிபிளவர் பதில். அதுவும் மொட்டுக்கூட்டம்தான், பூப்பூவாகப் பிரிக்க முடிந்ததால் இடம் பிடித்துக்கொண்டது. அதே கழிவோடு இத்தாலியில் ஏழையும் இதைத் தின்கிறானே என்றால், அங்கே இது மண்ணின் காட்டு முட்செடியிலிருந்து மனிதர் பழக்கி எடுத்த பயிர். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்த முட்செடி இனத்தைத் தேன் கலந்த காடியில், பெருங்காயத்தை ஒத்த ஒரு பிசின் வேரும் சீரகமும் சேர்த்து ஊறப்போட்டு ஆண்டு முழுதும் தின்பதைப் பற்றிக் கேலியாக எழுதினார். அவர் காலத்து ரோமானிய நாணயங்கள் கோவை வெள்ளலூரில் கிடைத்திருக்கின்றன. காசு வந்தது, அந்த ஊறுகாய் வந்ததற்குத் தடயமில்லை.

வணிகம் நடந்தால் உணவும் கூடவே வரும் என்ற நம்பிக்கையைத் திருப்பூரும் குலைக்கிறது. பனியன் ஏற்றுமதிக் கதையில், 1978இல் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலம் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்த வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளருக்குத் தொடக்க அத்தியாயத்தில் இடமுண்டு. அதன் பின் இத்தாலிக்கும் இந்த வட்டாரத்துக்கும் உடை வழியாக உறவு நெருங்கியது. சேவூர்ப் பக்கத்து வீடுகளிலிருந்தும் கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றிப் போகின்றன. ஆனால் ஷிப்மென்ட் தேதிக்குள் பீஸ் முடிக்க ஓடும் வீட்டில் கால் மணிப் பொரியலின் மதிப்பு இன்னும் ஏறத்தான் செய்தது. அரை மணி மூடி வேகும் மொட்டுக்கு அங்கே அடுப்பு ஒழியாது. அண்மைக் காலத்தில் கல்யாணப் பந்திகளில் நுழைந்த காளானையும் பேபி கார்னையும் பாருங்கள். நறுக்கலாம், கழிவில்லை, கரண்டியில் அள்ளலாம். ஆர்ட்டிசோக்கும் இப்போது கோவையின் பெரிய கடைகளில் எட்டிப்பார்க்கிறது, மலையிலிருந்து இறங்கியல்ல, கப்பலேறி. இதழும் பஞ்சும் பிறந்த நாட்டிலேயே கழிக்கப்பட்டு, அடிப்பாகம் மட்டும் எண்ணெயில் ஊறிப் புட்டியில் வருகிறது. எடை பார்த்து வாங்கினால் வீணாகாத வடிவம்தான்; ஆனால் அந்தப் புட்டியின் விலைக்கு ஒரு பந்திக்கான பீன்ஸ் கிடைத்துவிடும்.