இராணுவ சேவையில் சேர்தல் (இந்தியா)

பள்ளிப் படிப்பை முடித்த இந்திய இளைஞன் தரைப்படையில் பிரவேசிப்பதற்கு இரண்டு முக்கிய மார்க்கங்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியோடு எழுத்துத் தேர்விலும், அதன்பின் நிகழும் ஐந்து நாள் நேர்முகப் பரீட்சையிலும் தேறி, புனேயை அடுத்த கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் அதிகாரிப் பயிற்சி பெறுவது ஒன்று. சிப்பாயாகச் சேர்வது மற்றொன்று. பட்டாளத்துக்குப் போவதென்றால் நம் கிராமத்தார் தொன்றுதொட்டுக் கருதிவந்தது பின்னதையே. கட்டாய இராணுவ சேவை இந்நாட்டில் இல்லையாதலால், எவ்வழியிற் செல்பவனும் தன் சுயேச்சையாலேயே செல்கிறான்.

1758-இல் தோன்றிய மதராஸ் ரெஜிமெண்டு இந்தியக் காலாட்படையில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. குன்னூரை அடுத்த வெலிங்டனிலுள்ள அதன் பயிற்சிக் கேந்திரம் தென்னாட்டு இளைஞர்களைத் தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய்களாக உருவாக்கி வந்திருக்கிறது. முன்னாளில் சேர்ந்த சிப்பாய்க்குப் பதினைந்தாண்டு சேவை முடிந்ததும் ஆயுள்வரை ஓய்வூதியம் கிடைத்தது. ஏழைக் குடும்பங்கள் தம் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பத் துணிந்தமைக்குத் தேசபக்தியோடு இந்த நிச்சயமும் காரணமென்பதை மறைக்க வேண்டியதில்லை.

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்நிலையை அடியோடு மாற்றிற்று. பதினேழரை வயது நிரம்பியவன் ‘அக்னிவீர்’ என்னும் பெயரில் நான்காண்டுகளுக்கே சேர்க்கப்படுகிறான். இவ்வாறு சேர்ந்தவர்களுள் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தர சேவைக்கு ஏற்கப்படுவர். முதலாண்டில் ரூ. 30,000 ஆகவும் நான்காமாண்டில் ரூ. 40,000 ஆகவும் உள்ள மாத ஊதியத்தில் 30 சதவீதம் சேவா நிதிக்காகப் பிடிக்கப்பட, அரசும் அதற்குச் சமமான தொகையைச் சேர்த்து, முடிவில் வட்டியுடன் சுமார் ரூ. 11.71 லட்சம் வழங்குகிறது. ஓய்வூதியம் இல்லை.

பொதுப்பணிச் சிப்பாய்க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அடிப்படைத் தகுதி. முன்னர் ஆள்சேர்ப்புக்காக ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் திரண்டு முதலில் ஓடினர். 2023 முதல் கணினிவழித் தேர்வில் தேறியவர்களே ஓட அழைக்கப்படுகின்றனர். வெறுங்கையோடு திரும்பும் நெடும்பயணங்களை இம்முறை குறைத்ததாயினும், 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் ஓடிக் கடக்க விடியற்காலந்தோறும் அப்பியாசம் செய்த கிராமத்துச் சிறுவன் தன் ஓட்டத்தைக் காட்டுமுன்பே கணினித் திரையின் முன் தடைப்பட நேர்வது கவலைக்குரியது. இலவசப் பயிற்சி வகுப்புக்கள் அவனுக்கே முதலில் தேவை.

பதினெட்டு வயது நிரம்பாதவனுக்குப் பெற்றோரின் சம்மதக் கையொப்பம் அவசியம். அதை இடுமுன் அவர்கள் விசாரித்தறிய வேண்டியவை இரண்டு: பத்தாம் வகுப்போடு சேர்ந்தவன் சேவைக் காலத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறும் ஏற்பாடு, விடுவிக்கப்பட்ட அக்னிவீரர்களுக்கு மத்திய ஆயுதக் காவற்படைகளில் 2022-இல் அறிவிக்கப்பட்ட 10 சதவீத ஒதுக்கீடு.