காழும் கல்வியும்

தென்னாட்டில் வனவியல் தனியொரு கல்வியாக உருப்பெற்றது காடு அருகிய பின்னரே எனலாம். கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் மரங்கள் பெருவாரியாக வெட்டுண்டபோதே, அளவறிந்து வெட்டவும் மீண்டும் வளர்க்கவும் கற்றவர் வேண்டும் என்னும் எண்ணம் ஆட்சியாளர்க்கு எழுந்தது. 1840-களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார்; அதனைச் செயற்படுத்தியவர் சாத்து மேனோன். 1856-இல் கிளெகார்ன் சென்னை மாகாண வனக் காப்பாளரானார். 1878-இல் பிராண்டிஸ் டேராடூனில் வனப்பள்ளி கண்டார். கோயம்புத்தூரில் 1902-இல் காஸ் வன அருங்காட்சியகமும், 1912-இல் சென்னை வனக் கல்லூரியும் தோன்றின.

இக்கல்வி வனப்பணியாளர்க்கே உரியதாய், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. ஊர்ப் பள்ளிச் சிறுவர்க்கு அஃது எட்டவில்லை. ஆயின், அதன் முதற்பாடம் தமிழுக்குப் புதிதன்று. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் எனத் தொல்காப்பிய மரபியல் வகுக்கின்றது. வயிரத்தைக் காழ் என்பது அந்நூல் வழக்கு. மரத்தை எவ்வாண்டில் வெட்டுவது, எத்துணை விட்டுவைப்பது என்பவற்றை அந்நூல் கூறவில்லை. கூறுதல் அதன் நோக்கமும் அன்று. எனினும், மரத்தின் பயனை அறுதியிடுவது வயிரமே ஆதலின், அப்பகுப்பு வெட்டுதொழிற்கும் அடிப்படை என்க.

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் போன்ற கரிசற் சிற்றூர்களில் பெருங்காடு இல்லை. பாடத்திற்குரிய பொருளோ உண்டு. முதிர்ந்த பனையைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை நீக்கிப் புறவயிரத்தையே வீட்டிற்குக் கைமரமாக இடுவது அப்பக்கத்துப் பழைய வழக்கம். பனை புல்லினத்ததாதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இதற்கு மறுதலை தீக்குச்சி. சிவகாசியில் 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழிற்கு வயிரமேறாத மென்மரமே ஏற்றது. அவ்வாறு பயன்பட்ட மட்டி மரம் பெரிதும் கேரளத்திலிருந்து வந்தது. கரிசல் நிலத்தார் பிழைப்பு மேற்குமலைக்கு அப்பாலுள்ள மரத்தைச் சார்ந்து நின்றமை இதனாற் புலப்படும்.

ஆதலின், வனவியலைப் பள்ளியிற் கற்பிப்போர் நிலம்பூரிலிருந்தோ டேராடூனிலிருந்தோ தொடங்க வேண்டுவதில்லை. மாணவன் தலைக்குமேல் உள்ள பனங்கைமரமும் கையிலுள்ள தீக்குச்சியும் முதற்பாடமாகுக. காழ் என்னும் சொல்லை உரையிற் கண்டு மனப்பாடம் செய்தான், பொருளைக் கண்டறியான் எனின், அக்கல்வியும் வயிரமற்றதே.