மோட்டுப்பள்ளிச் சாசனமும் சுங்க வரையறையும்

ஆந்திரக் கடற்கரையின் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதிய வேந்தன் கணபதிதேவன் கி.பி. 1244-45இல் வெளியிட்ட சாசனம் சுங்க வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. புயலால் கரையொதுங்கிய மரக்கலங்களின் பொருள்களை முன்னைய மன்னர்கள் முற்றாகப் பறித்தனர் என்று அச்சாசனமே கூறுகிறது. கணபதிதேவன் அவ்வழக்கத்தைக் கைவிட்டு, ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் 30இல் ஒரு பங்கே சுங்கம் என வரையறுத்தான். சந்தனம், கற்பூரம், முத்து முதலியவற்றிற்குத் தனி வீதங்கள் குறிக்கப்பட்டன.

இங்குச் சுங்கம் வணிகர்மேல் சுமத்தப்பட்ட இறை மட்டுமன்று. அரசன் தன் அதிகாரத்திற்குத் தானே வகுத்த எல்லையுமாகும். கல்லில் பொறித்த வீதம், மிகுதியாகக் கேட்கும் அலுவலரை மறுக்க வணிகருக்குச் சான்றாக அமையத்தக்கது.

1358இல் ரெட்டி மன்னன் அனவோதன் அவ்வூரில் வெளியிட்ட சுங்கச் சாசனம் தமிழிலும் எழுதப்பட்டுள்ளது. அவ்வரையறை எவரை நோக்கியது என்பதை அம்மொழித் தேர்வே உணர்த்துகிறது.