சல்லடைக் கண்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைகளிலே சல்லடைக்குத் தனி மதிப்புண்டு. மலையிலிருந்து இறங்கிவரும் காய் சல்லடையிலே கொட்டப்படும். பருத்தது மேலே நிற்கும். சிறுத்தது கீழே உதிரும். மேலே நின்றதற்கு ஒரு விலை, கீழே விழுந்ததற்கு வேறொரு விலை. இரண்டும் ஒரே செடியில் காய்த்தவையாக இருக்கலாம். ஒரே மழையில் நனைந்தவையாக இருக்கலாம். ஆனாலும் விலை வேறு! சல்லடையின் கண்ணை அளந்தவன் எவனோ, அவனே காயின் தலையெழுத்தை எழுதியவனாகிறான்.

அரசுப் பணிக்கான போட்டித் தேர்வும் ஒரு சல்லடைதான். பாடத்திட்டம் என்பதே அதன் கண். இதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாயின் மகள் கேட்கிறாள், குரங்கணி மலைச்சரிவிலிருந்து இறங்கிவந்து படிக்கும் இளைஞன் கேட்கிறான்: "எதைப் படிக்க வேண்டும்? எத்தனை வினா? எவ்வளவு மதிப்பெண்?" நியாயமான கேள்விகள். ஆசிரியர்களாகிய நாங்கள் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு, "இதைப் படி" என்கிறோம். பட்டியல் எப்படிப் பிறந்தது, யார் வகுத்தார், யாரை உள்ளே விட, யாரை வெளியே நிறுத்த வகுத்தார் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பழம்பெருமை பேசுவோர் உத்தரமேரூரைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை முறையை விளக்குபவை, பெருமைக்குரிய சான்றுகளே! முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் இட்டு எடுத்தல் என எல்லாம் ஒழுங்கு. ஆனால் குடத்துக்குள் ஓலை விழுவதற்கு முன் இருந்த தகுதிகளையும் அந்தக் கல்லே சொல்லுகிறது. கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதைத் தாண்டாமலும் இருக்கவேண்டும். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதானா? அப்படியானால் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவனாயிருந்தால் போதும்.

கவனித்தீர்களா தோழர்களே? நிலத்தில் குறைந்ததை வேதத்தால் ஈடு செய்யலாம்! அந்த வேதத்தைக் கற்கும் உரிமை யாருக்கு இருந்தது? வயலை உழுதவனுக்கா? ஏரியை வெட்டியவனுக்கா? அது பிரமதேய ஊரின் சபை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் பாடத்திட்டம் இருந்தது. அது கோட்டைச் சுவராக இருந்தது என்பதே அந்தக் கல் தரும் பாடம்.

நம் நாட்டில் மட்டுமா? சீனத்திலே ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் அரசுத் தேர்வு நடந்தது. கன்பூசிய நூல்களைக் கரைத்துக் குடித்தவனே அதிகாரி. பெண்ணுக்கு அங்கே இடமில்லை. பிறப்பை விடப் படிப்பு பெரிது என்ற எண்ணத்தை உலகுக்குத் தந்த முறைதான். ஆனால் உலகம் மாறியபோது பாடத்திட்டம் மாறவில்லை. 1905 ஆம் ஆண்டில் அந்தத் தேர்வே ஒழிக்கப்பட்டது.

வெள்ளையன் காலத்துக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தமக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பதவி வழங்கிய முறைக்கு முடிவு கட்டி, 1855 ஆம் ஆண்டில் இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. மெக்காலே தலைமையில் அமைந்த குழு 1854 இல் வகுத்த திட்டத்தின்படி மொத்த மதிப்பெண் 6875. கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1500. கணிதத்துக்கு 1000. இந்தியாவுக்கு என்ன? சமற்கிருதத்துக்கு 375, அரபு மொழிக்கு 375. தமிழுக்கு? ஒன்றுமில்லை! மதுரையை ஆள வருகிறவன் ஹோமரைப் படித்திருக்க வேண்டும். மதுரை மக்கள் பேசும் மொழியில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

சட்டத்தில் இந்தியருக்குத் தடை எதுவும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவை என்ன? தேர்வு இலண்டனில், கப்பற் செலவு தன் கையில், பாடம் கிரேக்கமும் இலத்தீனும். இவ்வளவையும் கடந்து சத்தியேந்திரநாத் தாகூர் 1863 இல் தேறினார். பின்னர் 1870களில் வயது வரம்பைப் பத்தொன்பதாகக் குறைத்தார்கள். பத்தொன்பது வயதுக்குள் கடல் கடந்து, அந்நிய மொழிகளைக் கற்று, அவர்கள் நாட்டுப் பிள்ளைகளுடன் போட்டியிட வேண்டும்! இந்திய மண்ணில் அந்தத் தேர்வு நடக்க 1922 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. கதவில் பூட்டு இல்லை. கதவுதான் ஆறாயிரம் மைல் தொலைவில் இருந்தது.

சென்னை மாகாணத்திலே நடந்த தேர்வுகளின் கதை என்ன? 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை அதைக் கணக்காகவே எடுத்து வைத்தது. மாகாண சிவில் பணிக்கான போட்டித் தேர்வில் 1892 முதல் 1904 வரை தேறியவர்கள் 16 பேர். அவர்களில் 15 பேர் பிராமணர். 1913 இல் மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவர்களில் 93 பேர் பிராமணர். மக்கள் தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினர்!

ஏனையோர் அறிவிலே குறைந்தவர்களா? அப்படித்தான் சொன்னார்கள், 'தகுதி, திறமை' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு. பள்ளிக்குள் நுழையாதவன் தேர்விலே தேறவில்லை என்பது கண்டுபிடிப்பா? நீந்தக் கற்றுக்கொடுக்காமல் ஆற்றில் தள்ளிவிட்டு, 'பார், இவனுக்கு நீச்சல் வராது' என்பது நியாயமா? நீதிக்கட்சி ஆட்சியில் 1921 இல் பிறந்தது முதல் வகுப்புவாரி ஆணை. 1928 இல் அமைச்சர் முத்தையா முதலியார் அதனைச் செயலுக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு இரண்டு, ஒடுக்கப்பட்டோர்க்கு ஒன்று. அடுத்த ஆண்டே, 1929 இல், சட்டமன்றச் சட்டத்தின் வழியே சென்னைப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் முதலாவது அதுவே! மாநிலத்தின் பெயர் மாறியபின் அதுவே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆயிற்று. எனவே ஆணையமும் வகுப்புரிமையும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஒன்று தேர்வை ஒழுங்காக்கியது, மற்றொன்று அதனை நியாயமாக்கியது.

1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணையைச் செல்லாததாக்கியது. கல்லூரி இடம் பற்றிய செண்பகம் துரைராசன் வழக்கு அனைவரும் அறிந்தது. அதே நாளில் தீர்ப்பான வெங்கடரமணா வழக்கோ 83 மாவட்ட முன்சீப் பதவிகளைப் பற்றியது. நாடு கொதித்தது; தமிழகம் தெருவுக்கு வந்தது; அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. சல்லடைக் கண் ஒன்றுக்காக ஒரு நாட்டின் சட்டமே திருத்தப்பட்ட வரலாறு நம்முடையது.

இவையெல்லாம் சென்னையிலும் தில்லியிலும் நடந்தவை; மலையடிவாரத்து ஏழையின் வாழ்வில் நடந்தது என்ன? அதற்குக் கர்ணத்தின் கணக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

போடி வட்டாரம் ஜமீன் ஆண்ட மண். ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் 1948 இல் வந்தது. ஜமீன் போனது, ஆனால் கர்ணமும் மணியக்காரரும் தமிழகத்து ஊர்களில் நிலைத்திருந்தனர். நிலம் யாருடையது, எவ்வளவு, என்ன விளைந்தது என்பதெல்லாம் கர்ணத்தின் பேனா முனையில். அந்தப் பேனா தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து. 1895 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பரம்பரை உரிமை தந்திருந்தது. அங்கே பாடத்திட்டம் ஒரே வரிதான்: "இன்னாருக்கு மகனாகப் பிறந்திருக்க வேண்டும்!"

1960 டிசம்பரில், ஆந்திரத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில், பிறப்பை வைத்து ஊர்ப் பதவி தருவது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பர் 14 அன்று தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்றால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. வழக்குகள் தொடுக்கப்பட்டன; 1982 இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. கிராம நிர்வாக அலுவலர் என்ற புதிய பதவி பிறந்தது. பத்தாம் வகுப்புத் தேறிய எவரும் தேர்வெழுதலாம் என்றாயிற்று. 2018 முதல் அந்தப் பதவி நான்காம் தொகுதித் தேர்வுடன் இணைந்தது. எந்தக் கணக்குப் பெட்டியின் முன்னே பாட்டன் கைகட்டி நின்றானோ, அந்தப் பெட்டியைப் பேத்தி திறக்கலாம். அவள் கடக்க வேண்டியது மூன்று மணி நேர வினாத்தாள் ஒன்றுதான்.

அந்த வினாத்தாளைப் பார்ப்போம். 2022 ஜூலை 24 அன்று நடந்த நான்காம் தொகுதித் தேர்வை எடுத்துக்கொள்வோம். முதலில் அறிவிக்கப்பட்டவை 7301 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ முந்நூறு பேர்! பத்தாம் வகுப்புத் தரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண். முதற்பகுதி தமிழ்: 100 வினா, 150 மதிப்பெண். இரண்டாம் பகுதியில் பொது அறிவு 75 வினா, திறனறிவு 25 வினா. இரண்டுக்கும் சேர்த்து 150 மதிப்பெண். தமிழில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் பெறாதவரின் இரண்டாம் பகுதி திருத்தப்படவே இல்லை. மொத்தத்தில் 90 மதிப்பெண் பெறாதவர்க்குத் தரவரிசையில் இடமில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பில்லை. ஆனால் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டமும் உண்டு. தெரியாத வினாவையும் வெறுமனே விடாமல், ஏதேனும் ஒரு வட்டத்தை நிரப்பியாக வேண்டும்.

இந்த அமைப்பைக் கணக்காகப் படித்தால் வழி தெரியும். பாதி மதிப்பெண் தமிழில். அதுவே நுழைவாயிலும் கூட. 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்கு முன் இந்தத் தேர்வில் பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம், இரண்டில் ஒன்றை எழுதலாம்; அதன்பின் தமிழ் கட்டாயமாயிற்று. 1854 இல் ஒரு மதிப்பெண்ணும் பெறாத மொழி, இங்கே வாயிற்காவலாக நிற்கிறது! இலக்கணம், இலக்கியம், தமிழறிஞரும் தமிழ்த்தொண்டும் என்று மூன்றாகப் பிரிந்த அந்தப் பகுதிக்கு ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களே அடித்தளம். அவற்றை வரிவிடாமல் படித்தவர் பாதி ஆற்றைக் கடந்தவர்.

திறனறிவைக் கண்டு அஞ்சுவோர் பலர். விழுக்காடு, விகிதம், வட்டி, காலமும் வேலையும்... இவை என்ன, வானத்திலிருந்து விழுந்தவையா? ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் என்பது நம் மலைத் தொழிலாளிக்குத் தெரியும். அதுதான் விகிதம், அதுதான் இருபது விழுக்காடு. எத்தனை பெண்கள் எத்தனை நாளில் ஒரு தோட்டத்தைக் காயெடுத்து முடிப்பார்கள் என்பதுதான் காலமும் வேலையும். தாய் கையால் செய்த கணக்கை மகள் தாளில் செய்கிறாள், அவ்வளவே.

பொது அறிவுப் பகுதியில் ஒன்றைப் பார்த்தோம். பெருமிதம் கொண்டோம், கவலையும் கொண்டோம். நீதிக்கட்சி, பகுத்தறிவின் வளர்ச்சி, சுயமரியாதை இயக்கம், தந்தை பெரியார், பேரறிஞர் அண்ணா ஆகியோரின் தொண்டு என இவையெல்லாம் அந்தப் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றன. கதவைத் திறந்த வரலாறு, கதவுக்குள் நுழைவதற்கான பாடமாகிவிட்டது! நல்லதுதான். ஆனால், "வகுப்புவாரி ஆணை எந்த ஆண்டு?" என்ற வினாவுக்கு வட்டத்தை நிரப்பிவிட்டு, அந்த ஆணையால் தான் பெற்றதை மறந்துவிடுபவர் அலுவலக நாற்காலியில் அமர்ந்தால் என்ன ஆகும்? பழைய கர்ணத்தின் பேனா புதிய கையில் இருக்கும். எழுத்து பழையதாகவே இருக்கும். ஏழை அன்று போலவே வாசலில் நிற்பான்.

இன்னொரு கவலையும் உண்டு. பாடத்திட்டத்தில் பிறப்புத் தடை போனது; பணத்தடை போயிற்றா? நகரத்தில் பயிற்சிக் கட்டணம் செலுத்துபவனும், தோட்டக் கூலி போனால் அடுப்பெரியாது என்று பாதியில் படிப்பை மூடி வைப்பவளும் ஒரே கோட்டிலிருந்தா ஓடுகிறார்கள்? இடஒதுக்கீடு இந்த இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்புகிறது. தமிழ்வழியில் படித்தோருக்கு 2010 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இருபது விழுக்காட்டு முன்னுரிமை மற்றொரு பகுதியை நிரப்புகிறது. எஞ்சியதை நாம்தான் நிரப்ப வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் கட்டணமின்றிப் பயிற்சி தருகின்றன. மலையிலிருப்பவர்க்கு இந்தச் செய்தியைக் கொண்டுசேர்ப்பவர் யார்? பாடநூல் இல்லாதவர்க்கு நூலும், விண்ணப்பிக்கத் தெரியாதவர்க்கு வழியும் தருபவர் யார்?

தேர்வு நாளில் இராகுகாலம் பார்ப்பதும், பேனாவுக்குத் திருநீறு பூசுவதும், எலுமிச்சம்பழத்தை எழுதுபலகையருகே வைப்பதும் இன்னும் நடக்கின்றன. இலட்சக்கணக்கானோர் அனைவரும் அதே நேரத்தில்தான் எழுதுகிறார்கள். இராகு எவரை விட்டு எவரைப் பிடிப்பான்? நம்பத்தக்கது ஒன்றுதான்: பாடத்திட்டத்தைக் கையில் எடுத்து, பகுதி பகுதியாக அளந்து, பழைய வினாத்தாள்களோடு ஒப்பிட்டு, நேரத்தைப் பங்கிட்டுப் படிக்கும் உழைப்பு.

படித்த இளைஞர்களே! ஊர்தோறும் மன்றம் வைத்திருக்கிறோம். அங்கே மாலை தோறும் ஒரு மணி நேரம் பாடத்திட்டம் படிக்கப்படட்டும். தேறியவர், தேற விரும்புபவருக்குக் கற்பிக்கட்டும். கொட்டகுடியிலிருந்தோ முதுவாக்குடியிலிருந்தோ ஒரு பெண் வினாத்தாளின் முன் அமரும்போது, அவளுக்குக் கிடைக்காத பாடம் என்று ஒன்றும் இல்லாதிருக்கட்டும். சல்லடையின் கண்ணை அளவிட நம் முன்னோர் நூறாண்டு போராடினர். அந்தக் கண் ஏழையைக் கீழே உதிர்க்காமல் காப்பது நம் தலைமுறையின் கடமை.