வாங்குவதா, கோத்தமைப்பதா?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவதா, நாமே செய்துகொள்வதா என்னும் வினா மிகப் பழையது. மேசைக் கணிப்பொறியின் வரலாற்றிலோ, அந்த வினாவே ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. அதனை இங்கே சிறிது நோக்குவோம்.

1970ஆம் ஆண்டளவில் கணிப்பொறி என்பது அரசாங்கங்களும் பல்கலைக்கழகங்களும் பெரு நிறுவனங்களும் வைத்திருந்த சாதனம். தனி மனிதன் ஒருவன் அதனைத் தன் இல்லத்தில் வைத்துக்கொள்ள விரும்புவது பேராசையாகவே கருதப்பட்டது. ஒரே சில்லில் அடங்கிய நுண்செயலி 1971இல் விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறியது.

1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ என்னும் அமெரிக்க இதழின் அட்டையில் ‘ஆல்டேர் 8800’ என்ற கணிப்பொறி இடம்பெற்றது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் எட் ராபர்ட்ஸ் என்பார் நடத்திய சிறு நிறுவனம் அதனை உதிரி பாகங்களாக, ஏறத்தாழ 400 டாலருக்கு, அஞ்சலில் அனுப்பியது. வாங்கியவர் ஈயம் உருக்கிப் பற்றவைத்துத் தாமே கோத்தமைக்க வேண்டும். அதற்கு விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. முகப்பிலுள்ள சுவிட்சுகளைத் தட்டிக் கட்டளை கொடுத்து, சிறு விளக்குகளின் ஒளியில் விடை அறிய வேண்டும். நினைவகமோ 256 பைட் அளவே! எனினும் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் அதனை வேண்டிப் பணம் அனுப்பினர். கணிப்பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தம் கையாலேயே அறியும் வேட்கை அவர்களை ஈர்த்தது.

அத்தகைய ஆர்வலர்கள் 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு சங்கமாகக் கூடினர். அதன் உறுப்பினரான ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்ததே 1976இல் வெளிவந்த முதல் ஆப்பிள் கணிப்பொறி. அதனை விற்க முன்வந்த கடைக்காரர் பால் டெரல், பாகங்கள் முழுவதும் பொருத்தப்பட்ட 50 பலகைகள் வேண்டும் என்றார். செய்ய விழைவோரினும் பயன்படுத்த விழைவோரே மிகுதி என்பதை அவர் கண்டுகொண்டார். 1977இல் ஆப்பிள், கமடோர், டாண்டி ஆகிய மூன்று நிறுவனங்களும் கோத்து முடித்த கணிப்பொறிகளையே சந்தைக்குக் கொண்டுவந்தன.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் சொந்தக் கணிப்பொறியை வெளியிட்டது. வியப்பு யாதெனில், அப்பெரு நிறுவனமும் நுண்செயலி முதலிய முக்கியப் பாகங்களைப் பிறரிடம் வாங்கியே அதனைக் கோத்தமைத்தது. மேலும், அதன் மின்சுற்று விவரங்களை நூலாகவும் வெளியிட்டது. போட்டியாளர்கள் அதற்கு இயைந்த கணிப்பொறிகளைத் தாமும் செய்தனர். இதனால் ஒருவர் செய்த பாகம் மற்றொருவர் செய்த பெட்டியில் பொருந்தலாயிற்று. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் பாகங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கணிப்பொறியை அமைத்துக்கொள்ள முடிவதற்கும் மூலகாரணம் இதுவே.

இனி, மாணவர் ஒருவர் எவ்வழியைத் தேர்வது? முதலில், செய்ய வேண்டிய பணியையும் கையிலுள்ள பொருளையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் மட்டுமே வேண்டுவோர் ஆயத்தமாக வாங்குதல் நன்று. பழுது நேர்ந்தால் ஒரே நிறுவனத்தைக் கேட்கலாம். கோத்தமைப்போருக்கு ஒவ்வொரு பாகத்திற்கும் தனித்தனி உத்தரவாதமே உண்டு. பழுதின் மூலத்தை அவரே தேட வேண்டும். அந்தத் தேடலே ஒரு கல்வி. நாளை நினைவகம் போதாதெனில், அதனை மட்டும் கூட்டிக்கொள்ளவும் அவரால் இயலும்.

எவ்வழியாயினும் ஒரு கேள்வியை மறத்தலாகாது. இப்பெட்டியைத் திறந்து பாகத்தை மாற்ற இயலுமா? நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விற்கப்படும் கணிப்பொறிகளும் இன்று உள்ளன. பிறர் திறந்து பார்க்க இடம் இருந்தமையாலேயே மேசைக் கணிப்பொறி இவ்வளவு வளர்ந்தது. அவ்விடத்தைக் காத்துக்கொள்ளுதல், வாங்குவோர், கோத்தமைப்போர் ஆகிய இருவருக்கும் உரிய கடமை.