ஓவியரும் படவணிகரும்

சிறந்த ஓவியமொன்றைக் காண்போர் அதனைத் தீட்டிய கையைப் போற்றுவர். அக்கைக்கு உணவளித்த கை எவருடையது என எண்ணுவோர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரில் நிகழ்ந்த வரலாறொன்று இவ்விரு கைகளின் உறவை நன்கு விளக்கும்.

அக்காலத்துப் பிரான்சில் ஓவியர் ஒருவர் பெயர் பெற வேண்டுமாயின் 'சலோன்' என்னும் பெருங் கண்காட்சியில் இடம்பெறல் வேண்டும். அதன் நடுவர் குழு தள்ளிய படத்தை வாங்குவார் அரியர். ஒளியின் கணநேர மாற்றங்களை வண்ணத்திற் காட்ட முயன்ற மொனே, பிசாரோ, ரெனுவார், சிஸ்லி முதலியோர் அவ்வாறு தள்ளப்பட்டவர்களே.

அவர்களை ஆதரித்தவர் போல் துராந்-ருவெல் (1831–1922) என்னும் படவணிகர். 1870இல் மூண்ட போரினால் இலண்டனிற் புகலடைந்த அவர், அங்கு மொனேயையும் பிசாரோவையும் அறிந்துகொண்டார். பாரிஸ் திரும்பியபின், 1872இல் மனே என்னும் ஓவியரின் 23 படங்களை 35,000 பிராங்குக்கு வாங்கினார். ஓவியரின் படங்களைத் தொகையாக வாங்கி விற்பனையைத் தம் கையில் வைத்திருத்தல், விற்குமுன்னரே முன்பணம் அளித்தல், தனியொருவர் படங்களைக் கொண்டே கண்காட்சி நடத்தல் என்பன அவர் கையாண்ட முறைகள்.

ஆயின், வணிகர் தளர்ந்தால் அவரை நம்பிய ஓவியரும் தளர்வர். 1882இற் பாரிசில் வங்கியொன்று முறிந்தது. அதன் தலைவரிடம் பெற்ற கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய துராந்-ருவெல் பெரும் நெருக்கடிக்குள்ளானார். அந்நிலையிலும் 1883இல் மொனே முதலிய நால்வருக்கும் தனித்தனியே கண்காட்சி நடத்தினார். எனினும், ஒருவரையே சார்ந்திருத்தல் தீங்கென உணர்ந்த மொனே, 1885இல் ஜோர்ஜ் பெற்றி என்னும் போட்டி வணிகரிடமும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அதனை நன்றி மறத்தல் என்பது பொருந்தாது. தம் உழைப்பின் விலையை ஒருவரே வரையறுத்தலாகாது என்னும் விழிப்பே அது.

1886இற் துராந்-ருவெல் ஏறக்குறைய 300 படங்களை நியூயோர்க்கிற் காட்சிக்கு வைத்தார். அமெரிக்கச் செல்வர் வாங்கத் தொடங்கவே, பல்லாண்டு தேங்கிக் கிடந்த படங்கள் செல்வமாயின. வணிகர் பெற்ற இலாபம் பெரிது. அதற்கு முன் அவர் சுமந்த கடனும் பெரிது.

ஆதலின், கலைஞருக்கு வேண்டுவன இரண்டு. உலகம் ஏற்குமுன் நம்பிப் பொருள் தரும் ஒருவர் வேண்டும். அவருக்கும் அடிமையாகாத உரிமையும் வேண்டும். முன்னது இன்றேல் கலைஞர் வாழார். பின்னது இன்றேல் கலை வாழாது.